400 மி.மீ. போதுமா, 2000 மி.மீ. வேண்டுமா? லென்ஸ் கழற்ற முடியாத ஜூம் கேமரா பற்றி யோசனை சொல்லுங்கள்

மூன்றாம்_பீரியட்

எல்லாருக்கும் வணக்கம். படம் எடுக்கக் கற்றுக்கொண்டிருப்பவள். அதுகூடக் கொஞ்சம் பெரிய வார்த்தைதான், இதுவரை போனைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

நாங்குநேரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வீடு பாளையங்கோட்டை, தினமும் பஸ். என் பிள்ளைகளில் நாலைந்து பேர் பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்திலிருந்து வருகிறவர்கள். தை மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களோடு குளத்துக்குப் போனேன். தூரத்தில் பூநாரைக் கூட்டம். போனில் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி எடுத்து, திங்கட்கிழமை வகுப்பில் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், இது பூநாரையா, ரோஸ் கலர் கேரி பேக்கா?" சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. நானும்தான் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சீட்டு நோட்டை எடுத்து, பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்று பார்த்தேன்.

கையில் 45 ஆயிரம் இருக்கும். ஒரே கேமரா, ஒரே லென்ஸ். மாற்றுகிற வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் என் பைதான். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, விடைத்தாள் கட்டு எல்லாம் போக மீதி இடத்தில்தான் கேமரா உட்கார வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் நின்று லென்ஸ் கழற்றி மாட்டவும் தைரியமில்லை.

டவுனில் ஒரு கடைக்குப் போனேன். நிக்கான் பி950-ஐ எடுத்துக் கொடுத்தார்கள். 83 மடங்கு ஜூம், 24-2000 மி.மீ. கடைப் பையன் வாசலில் நின்றபடி ரோட்டுக் கோடியில் இருந்த மருந்துக்கடை போர்டில் லைசென்ஸ் நம்பரைப் படித்துக் காட்டினான். மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். விலை என் கணக்கைத் தாண்டியது. அடுத்து கேனன் எஸ்எக்ஸ்70, 65 மடங்கு. இதற்கிடையில் சென்னையில் இருக்கும் என் கொழுந்தன் போனில், "அண்ணி, அதெல்லாம் வேண்டாம், செகண்ட் ஹேண்டில் பானாசோனிக் எஃப்இசட்1000 ஒன்று வருகிறது, அதை வாங்குங்கள்" என்கிறார். பார்த்தால் அது 2014-இல் வந்த மாடல், ஜூம் 16 மடங்குதான்! 83 எங்கே, 16 எங்கே. கேட்டால் "சென்சார் பெருசு அண்ணி" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்.

என் தேவை மூன்று. ஒன்று, பறவை. இரண்டு, பள்ளி ஆண்டு விழா: சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தற்காலிக மேடை, நாலு டியூப் லைட், ஓடி ஆடும் பிள்ளைகள், படம் எடுக்கிற வேலை வருஷா வருஷம் என் தலையில். மூன்று, உண்மையிலேயே கற்க வேண்டும். அப்பர்ச்சர், ஷட்டர் என்று படித்துவிட்டேன், ஆனால் போனில் அதைத் திருகிப் பார்க்க வழியில்லை.

பழைய 16 மடங்கா, புதிய 83 மடங்கா? விவரமாகச் சொன்னால் புண்ணியம்.

கிட்லென்ஸ்

டீச்சர், ஜூம் கேமரா எல்லாம் காசைக் கரியாக்குகிற வேலை. அந்தப் பணத்துக்கு கேனன் 1500டி, 18-55 லென்ஸ், 55-250 லென்ஸ் இரண்டும் சேர்த்து செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கும். கற்பதென்றால் இப்படி லென்ஸ் மாற்றுகிற டிஎஸ்எல்ஆர்தான். முடிந்தது.

அம்பை_ஸ்டூடியோ

கிட்லென்ஸ் தம்பி, டீச்சர் லென்ஸ் மாத்த மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. அப்புறம் என்னத்துக்கு அந்தப் பேச்சு. நீங்க சொன்ன 55-250 அந்தக் கேமராவில் 1.6-ஆல் பெருக்கினா 400 வருது. எஃப்இசட்1000-உம் 400-தான். உங்களுடையது கடைசியில் எஃப்/5.6, அது எஃப்/4 (இந்த எஃப் நம்பர் சின்னதுன்னா லென்ஸ் திறப்பு பெருசு). சென்சார், அதாவது படம் விழுத சில்லு, உங்களுக்குப் பெருசு, திறப்பு அதுக்குப் பெருசு. கழிச்சுப் பாத்தா உங்க பக்கம் அரை ஸ்டாப் மிச்சம் (ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). அந்த அரை ஸ்டாப்புக்காக டீச்சர் பையில் ரெண்டாவது லென்ஸைத் திணிக்கணுமாக்கும்.

இப்போ டீச்சருக்கு. நான் அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வச்சிருந்தவன். கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம். ஸ்டூடியோ போயிட்டுது, பேர் மட்டும் வச்சிக்கிட்டிருக்கேன். நான் தொழில் கத்தது யாஷிகா ரெட்டைக்கண் கேமராவில். 80 மி.மீ. லென்ஸ், கழட்ட முடியாது, ஜூமும் கிடையாது. ஒரு ரோலுக்கு 12 படம். பொண்ணு முகம் கிட்டே வேணும்னா ரெண்டு எட்டு முன்னால போகணும், சொந்தக்காரங்க எல்லாரும் வேணும்னா முற்றத்து வாசல் வரைக்கும் பின்னால போகணும். அதனால லென்ஸ் கழட்ட முடியாத கேமராவில் கத்துக்க முடியாதுன்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்கிட மாட்டேன்.

ஆனா 83, 16 என்கிற நம்பரை முதல்ல தூக்கி ஓரமா வைங்க. அது கேமராவின் வல்லமை இல்ல. லென்ஸின் மி.மீ. கூடக்கூடத் தூரத்துல உள்ளது பெருசாத் தெரியும். ஆகப் பெரிய மி.மீ.-ஐ ஆகச் சின்ன மி.மீ.-ஆல் வகுத்தா வர்ற ஈவு, அவ்வளவுதான். 2000-ஐ 24-ஆல் வகுங்க. 400-ஐ 25-ஆல் வகுங்க. வந்துட்டுதா?

அந்த 2000-உம் நிஜமான 2000 இல்ல. பழைய ஃபிலிம் சைஸுக்கு ஒப்பிட்டுச் சொல்லுத கணக்கு. பி950-இன் லென்ஸ் நிஜத்தில் 357 மி.மீ. சென்சார் அத்தனை சின்னது என்கிறதால படம் வெட்டுப்பட்டு 2000 மாதிரி தெரியுது. சென்சார் சுமார் 6.2 x 4.6 மி.மீ. உங்க சுண்டுவிரல் நகத்தைப் பாருங்க, அதைவிடச் சின்னது. எஃப்இசட்1000-இல் இருக்கிறதுக்கு 1 இஞ்ச் சென்சார்னு பேர். அந்தப் பேரே ஒரு பித்தலாட்டம். அந்தக் காலத்து வீடியோ கேமராவில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி அளவை வச்சுச் சொல்லுத பேச்சு அது. நிஜத்தில் 13.2 x 8.8 மி.மீ. ஆனாலும் பரப்பைப் பெருக்கிப் பாருங்க, மற்றதைப்போல நாலு மடங்கு. நாலு மடங்கு பரப்புன்னா நாலு மடங்கு வெளிச்சம், ரெண்டு ஸ்டாப். உங்க ஆண்டு விழா மேடையில் சின்ன சென்சார் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுத அளவு) 800-இல் படுத பாட்டை இது 3200-இல்தான் படும். உங்க கொழுந்தன் ஒத்தை வரியில் சொன்னது இதைத்தான். விவரமான பிள்ளை.

கத்துக்கிடுத விஷயத்திலும் இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சின்ன சென்சார் கேமராவில் ஜூம் போடாம ஒரு செம்பருத்திப் பூவை எடுங்க. எஃப்/2.8-இல் ஒண்ணு, எஃப்/8-இல் ஒண்ணு. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சா வித்தியாசம் லேசில் தெரியாது. பின்னால இருக்கிற சுவரும் தெளிவு, துணிக்கொடியும் தெளிவு. அப்பர்ச்சர்னா என்னன்னு புத்தகத்தில் படிச்சிட்டு அதைத் திருகிப் பாக்கிறவங்களுக்கு ஒண்ணும் மாறலைன்னா, நாலாவது நாள் ஆட்டோவில் போட்டுட்டுப் போயிடுவாங்க. 1 இஞ்சில் 200 மி.மீ.க்கு மேல எஃப்/4 வச்சுப் பாருங்க, துணிக்கொடி கரைஞ்சு போகும்.

ஆண்டு விழாவுக்கு இன்னொண்ணு. எஃப்இசட்1000-இல் சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கு. பறவைக் கூட்டுப் பக்கம் அது வரப்பிரசாதம். ஆனா டியூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் அதைப் போட்டீயன்னா படத்தில் குறுக்கே பட்டை பட்டையா விழும். மேடைக்கு மெக்கானிக்கல் ஷட்டரே வச்சிக்கிடுங்க.

கடைசியா ஒரே ஒரு கேள்வி. பறவை உங்ககிட்ட இருந்து எத்தனை மீட்டர்? எத்தனை மடங்கு ஜூம்னு ஆளாளுக்குக் கேக்காங்க, இதை யாரும் அளக்கதில்ல. நீங்க அறிவியல் டீச்சர், ஒத்த முக்கோணம் தெரியும். தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் ஃபிலிம் கணக்கு மி.மீ.-ஆல் வகுத்தா, படத்துக்குள்ள எத்தனை மீட்டர் அகலம் அடங்கும்னு வரும். 400-இல் 15 மீட்டருக்கு 1.35 மீட்டர். உயரம் 90 செ.மீ. சங்குவளை நாரை நின்னா கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கேமராவைச் சாய்ச்சுப் பிடிச்சா முழுப் பறவையும் தலைக்கு மேல கொஞ்சம் வானமும் அடங்கும். அதே 15 மீட்டரில் 2000 போட்டா 27 செ.மீ. அகலம். அலகும் கண்ணும்தான் கிடைக்கும். ஆனா பறவை 100 மீட்டரில் இருந்தா கதை மாறும். 400-இல் 9 மீட்டர் அகலத்துக்குள்ள உங்க நாரை ஒரு குச்சி.

போய் அளந்துட்டு வாங்க. காசு எங்கேயும் ஓடிப்போகாது.

உப்பளத்தான்

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஜூம் பக்கம் பேசவும் ஒரு ஆள் வேண்டாமா. நான் தூத்துக்குடி. எனக்குப் பறவை என்றால் உப்பளம்தான். அங்கே மரமும் கிடையாது, மறைவும் கிடையாது. வரப்பில் நீங்கள் கால் வைத்ததும் அந்தக் கோடியில் நிற்கிற பூநாரை நடக்க ஆரம்பித்துவிடும். 150 மீட்டருக்குள் போன நாள்களை விரல் விட்டு எண்ணலாம். மூன்று வருஷமாக பி900 வைத்திருக்கிறேன். 2015-இல் வந்தது, பி950-க்கு முந்தியது, அதே 2000 மி.மீ. ஒரு உள்ளான் பறவையின் காலில் மாட்டியிருந்த வளையத்தின் நிறத்தைக்கூட அதில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். 400 மி.மீ.யில் அது உள்ளானா கூழாங்கல்லா என்றே தெரிந்திருக்காது.

சென்சார் சின்னது என்பதாலேயே எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். முழு ஜூமில் அந்த லென்ஸின் திறப்பு 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. எஃப்இசட்1000-க்கு அதன் நிஜமான 146-ஐ 4-ஆல் வகுத்தால் 36.5 மி.மீ. தூரத்தில் நிற்கும் ஒரே ஒரு பறவையிடமிருந்து யார் அதிக வெளிச்சம் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் பி900 குடும்பம்தான். இதை அண்ணாச்சி சொல்லாமல் விட்டுவிட்டார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். 2000-இல் கேமரா பார்க்கும் அகலம் ஒரு டிகிரிதான். மீன்கொத்தி கம்பியை விட்டுப் பறந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லென்ஸ் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் ஜூம் சற்றுப் பின்வாங்கும், விட்டால் திரும்பப் பழைய இடம். அது இல்லாவிட்டால் நான் கேமராவைக் கடலில் எறிந்திருப்பேன். வேகமாகத் தொடர்ந்து எடுத்தால் 7 படத்தில் மூச்சு வாங்கும். பி900-இல் ரா (பிறகு திருத்திக்கொள்ள வசதியான மூலக் கோப்பு) கிடையாது, பி950-இல் உண்டு. காலை ஒன்பதரைக்கு மேல் உப்பளத்தில் கானல் எழும்பிவிடும். அப்புறம் எத்தனை ஆயிரம் மி.மீ. இருந்தாலும் நெளிகிற காற்றைத்தான் படம் எடுப்பீர்கள். நான் ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்குப் பையை மூடிவிடுவேன்.

நிலாவும் எடுக்கலாம், பி950-இல் அதற்கென்றே டயலில் ஒரு இடம் உண்டு. முதல் பௌர்ணமிக்கு ஊர் முழுக்க அனுப்பினேன். மூன்றாவது பௌர்ணமிக்கு என் அம்மாவே, "போன மாசம் அனுப்புனதுதானேல இது" என்றாள்.

மூன்றாம்_பீரியட்

அண்ணாச்சி, உப்பளத்தான் அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. ஈவு என்று சொன்ன இடத்தில் எனக்கு வெட்கமாகவே போய்விட்டது. ஏழாம் வகுப்புக் கணக்கு.

அளந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். நான் குளத்துக் கரையில் நின்று அளப்பதைப் பார்த்துவிட்டு, கேரி பேக் என்று சொன்ன அதே பையன், "டீச்சர், எதுக்கு இங்க நின்னு பாக்கிய? எங்க வீட்டு வேப்பமரத்துலயே கூடு கட்டியிருக்கு" என்றான். ஊருக்குள் கூடு இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் என்றும் வகுப்பில் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் பறவையைப் பார்ப்பது என்றால் காவல் கோபுரத்தில் ஏறித்தான் என்று மனதில் பதிந்து போயிருக்கிறது.

அவன் வீட்டு மொட்டை மாடி. அவன் அம்மா வற்றல் காயப் போட்டிருந்தார். மாடிச் சுவரை ஒட்டி மரத்தடி வரை கீழே நடந்து பார்த்தேன், 23 எட்டு. என் எட்டு 65 செ.மீ. வரும், அப்படியானால் 15 மீட்டர். கூடு என் கண் மட்டத்துக்குச் சற்று மேலே. குஞ்சு ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கத்திய சத்தம் எல்லாம் காதில் விழுந்தது. எச்சத்தின் நாற்றமும். அந்த அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை, "நாலஞ்சு மாசம் இப்படித்தான் இருக்கும், பழகிட்டுது" என்று சொல்லிவிட்டு வற்றலை மட்டும் தள்ளிப் போட்டார்.

பூநாரை அப்படியே 200 மீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. அதை விட்டுக்கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆண்டு விழாவுக்கு எஃப்இசட்1000 நிஜமாகவே தாங்குமா? அதை மட்டும் யாராவது எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொடைராத்திரி

நான் எடுத்திருக்கேன் டீச்சர். எங்க பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, சுடலைமாடன் கொடை என்று சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் ராத்திரி ராத்திரியா அலைகிறவள் நான். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து இரண்டும்தான் என் ஆசை. எஃப்இசட்1000-தான் வைத்திருக்கிறேன், இரண்டாவது வெர்ஷன், 2019-இல் வந்தது. லென்ஸ் அதேதான், கூடுதலாகத் தொடுதிரை உண்டு.

பதில்: தாங்கும், ஆனால் ஜூமைத் தொடாமல் இருந்தால். இந்த லென்ஸ் 25 மி.மீ.யில்தான் எஃப்/2.8. ஜூம் போடப்போட மூடிக்கொண்டே போய் 200-க்கு வருவதற்குள் எஃப்/4 ஆகிவிடும். நான் முதல் வருஷம் பந்தலுக்கு வெளியே கௌரவமாக நின்றுகொண்டு 300-இல் எடுத்தேன். கணியான் சுற்றி ஆடும்போது முகமெல்லாம் கோடு கோடாக இழுத்துவிட்டது. அடுத்த வருஷம் மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிப்பவர் பக்கத்திலேயே தரையில் போய் உட்கார்ந்தேன். ஆட்டத்துக்கு நடுவில் மகுடத்தை வைக்கோல் தீயில் காட்டி வாட்டுவார்கள் இல்லையா, தோல் விறைக்க? அந்த நேரத்துக்குக் காத்திருந்தேன். தீ வெளிச்சம் கீழிருந்து அவர் முகத்தில் அடித்தது. 28 மி.மீ., எஃப்/2.8, ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 3200. புள்ளி புள்ளியாக இருக்கத்தான் செய்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அவர் வீட்டில் மாட்டியிருக்கிறார், புள்ளியைப் பற்றி இதுவரை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் பிள்ளைகள் ஓடுவார்கள் என்றால் 1/250 வேண்டும். ஐஎஸ்ஓ 6400-க்குப் போய்விடும், அது நன்றாக இருக்காது. ஆட்டத்தில் எல்லா அசைவுக்கும் ஒரு நிறுத்தம் உண்டு. அடவு முடிந்து கை நிற்கிற அரை நொடி. ஒத்திகையை ஒரு தடவை பார்த்துவைத்தால் அந்த இடத்தில் 1/100 போதும். நீங்கள்தான் டீச்சர், ஒத்திகைக்கு உள்ளே விடுவார்கள்.

அம்பை_ஸ்டூடியோ

இந்தத் தங்கச்சி சொன்னதுதான் பாடம், நான் எழுதினதை அழிச்சிடலாம் போல. உப்பளத்தான் தம்பி திறப்புக் கணக்கு சொன்னதும் நியாயம், ஒத்துக்கிடுதேன். உப்பளத்துக்கு அதுதான் ஆயுதம்.

டீச்சர், 15 மீட்டர்னு வந்த பிறகு பேச்சே இல்ல. பூநாரையைப் பைனாகுலரில் பாத்துக்கிடுங்க. ஆனா பழசு வாங்கும்போது கொழுந்தனை நம்பி விட்டுடாதீங்க, இதைச் செய்யச் சொல்லுங்க.

லென்ஸ் கழட்ட முடியாத கேமராவில் தூசியே போகாதுன்னு ஒரு நினைப்பு இருக்கு. அது தப்பு. ஜூம் நீளும்போது பம்பு மாதிரி காத்தை உள்ளே இழுக்கும், தூசியும் கூடவே போகும். கழட்டுத கேமரான்னா லென்ஸை எடுத்துட்டு ஊதிடலாம். இதுல தூசி சென்சாரில் உக்காந்துட்டா மொத்தத்தையும் பிரிக்கணும். நான் ஒருதடவை பழைய சூப்பர் ஜூம் ஒண்ணு ஆசைப்பட்டு வாங்கி, வானத்தில் எப்பவும் ஒரே இடத்தில் ஒரு காக்கா பறந்துக்கிட்டிருந்துது. ரெண்டு நாள் கழிச்சுத்தான் அது காக்கா இல்ல தூசின்னு புரிஞ்சுது. வித்தவன் போனை எடுக்கல. சர்வீஸில் கேட்ட காசுக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கிடலாம்.

அதனால எஃப்/8-க்கு வச்சு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாம ஒரு படம். ஜூம் போடாம ஒண்ணு, முழு ஜூமில் ஒண்ணு. சாம்பல் புள்ளி தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடணும். ஜூமை நாலஞ்சு தடவை முழுசா நீட்டி மடக்கணும், காதைப் பக்கத்துல வச்சு. கரகரன்னு சத்தமோ, நடுவில் திக்கலோ கூடாது. திரையைத் திருப்பி மடக்கி எல்லா நிலையிலும் படம் தெரியுதான்னு பாக்கணும். ஃப்ளாஷ் எழும்புதா. கூட வர்றது ஒரிஜினல் பேட்டரியா, அது வயிறு வீங்காம இருக்கா. முதல் மாடல் யுஎஸ்பி-யில் சார்ஜ் ஆகாது, தனி சார்ஜர் வேணும், அது பெட்டியில் இருக்கான்னு கட்டாயம் கேக்கணும்.

வாங்கின பிறகு முதல் வாரம் பறவைப் பக்கம் போகாதீங்க. வீட்டு சீலிங் ஃபேனை மூணில் ஓட விட்டு 1/30, 1/250, 1/2000 மூணிலும் எடுங்க. மூணாவது படம் இருட்டா வரும். அதை வெளிச்சமாக்க என்னென்ன திருகணும்னு நீங்களே கண்டுபிடிக்கணும், யார்கிட்டயும் கேக்கக் கூடாது. ரெண்டாவது வாரம் ஜூமை 50-இல் நிறுத்தி, பிளாஸ்திரி வேணும்னாலும் ஒட்டிக்கிட்டு, கால் நடந்துதான் எடுக்கணும். எங்க ஸ்டூடியோவில் வேலைக்கு வந்த பையன்களுக்கு இதே தண்டனைதான்.

கிட்லென்ஸ்

நான் டிஎஸ்எல்ஆர் என்றே இன்னும் சொல்கிறேன். ஆனால் அந்த ஃபேன் பயிற்சியை இன்றைக்கு ராத்திரியே செய்யப்போகிறேன்.

மூன்றாம்_பீரியட்

நாலு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பரீட்சை நேரம்.

எஃப்இசட்1000 வந்துவிட்டது. கொழுந்தன் அண்ணாச்சியின் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய், முதலில் பார்த்த கேமராவை எஃப்/8-இல் இரண்டு புள்ளி இருந்தது என்று திருப்பிவிட்டார். விற்க வந்தவர் "இப்படியெல்லாம் யாரும் பார்த்ததில்லை சார்" என்றாராம். இரண்டாவது சுத்தம். கேமரா பேட்டரியோடு 830 கிராம். விடைத்தாள் கட்டைவிட எடை குறைவுதான், எடை போட்டே பார்த்தேன்.

ஃபேன் ஆனது. மூன்றாவது படத்தை ஐஎஸ்ஓ ஏற்றி, அப்பர்ச்சர் திறந்து, அதுவும் போதாமல் கடைசியில் ஜன்னலைத் திறந்து வெளிச்சமாக்கினேன். ஜன்னலுக்கு மதிப்பெண் உண்டா என்று தெரியவில்லை. 50-இல் ஒட்டிய வாரம்தான் கஷ்டம். பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மாவை எடுக்கக் கிட்டே போக வேண்டியிருந்தது, கிட்டே போனதும் பேச வேண்டியிருந்தது, பேசியதும் ஒரு முழம் வாங்க வேண்டியிருந்தது. கற்கும் செலவு.

நேற்று மொட்டை மாடிக்குப் போனேன். பையனும் கூட நின்றான். 400 மி.மீ., எஃப்/4, 1/1000, ஐஎஸ்ஓ 125, சத்தமில்லாத ஷட்டர். தாய்ப் பறவை குளத்திலிருந்து மீனோடு வந்து இறங்குகிறது, குஞ்சுகள் மூன்றும் கழுத்தை நீட்டுகின்றன. சாய்த்துப் பிடித்தேன், முழுசாக அடங்கியது, அண்ணாச்சி சொன்ன கொஞ்சம் வானமும். பையன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், "இன்னொரு தடவ எடுங்க டீச்சர், இது என் போனுக்கு அனுப்பணும்" என்றான்.

ஒரு சங்கடம். பறவையின் அலகு மஞ்சள், இறக்கை நுனியில் ரோஸ், எல்லாம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் கழுத்தும் முதுகும் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெறும் வெள்ளை. இறகே தெரியவில்லை. வேப்பிலை இருட்டு, பறவை வெள்ளை, பதினொரு மணி வெயில். என்ன தப்பு செய்தேன்?

அம்பை_ஸ்டூடியோ

தப்பு கேமரா பேர்ல. அது வேப்பமரத்து இருட்டைப் பாத்து, மொத்தத்துக்கும் வெளிச்சம் கூட்டிட்டுது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு இருக்கும், அதை -1-க்கு இறக்குங்க. மெனுவில் ஜீப்ரான்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டு வச்சா வெளுக்கிற இடத்தில் கோடு ஓடும். கழுத்தில் கோடு மறையுற வரைக்கும் இறக்கிக்கிட்டே வாங்க. வேப்பிலை கறுத்துப் போனா போகட்டும். அப்புறம் பதினொரு மணிக்குப் போகாதீங்க, அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு ஏழு மணிக்குப் போங்க. அந்தப் படத்தை இங்கேயும் ஒரு தடவை போடுங்க.

மூன்றாம்_பீரியட்

ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும் அண்ணாச்சி. சனிக்கிழமை வருகிறேன்.